ஆடிக் காற்றில் ஒரு கூடாரம்



"ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பது நம் முன்னோர் வாக்கு. அம்மி பறந்ததைக் கண்டவர் எவரும் இலர். கூடாரம் பறந்ததை நாங்கள் கண்டோம். முப்பது ஆண்டுகளாக அசையாமல் இருக்கிறது என்று நாங்கள் நம்பியிருந்த வேறொன்றும் அன்றிரவு சற்றே ஆடிற்று. அந்தக் கதையையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

இப்பகுதியைக் கணவனும் மனைவியுமாக நாங்கள் சேர்ந்தே எழுதிவருகிறோம் என்பதைத் தொடர்ந்து படிப்போர் அறிவர். வீட்டில் நடந்த பிழைகளை எழுதும்போது, அதைச் செய்தவர் இவரா அவரா என்று காட்டிக்கொடுப்பதில்லை என்பதும் எங்கள் வழக்கம். ஆகவே இக்கதையிலும் "எங்களில் ஒருவர்", "மற்றவர்" என்றே எழுதுகிறோம். இன்னார்தாம் என்று ஊகிக்க முயல வேண்டா. ஊகித்தாலும் பாதிதான் சரியாக இருக்கும்.

எங்கள் திருமண நாள் ஆடியின் கடைசி வாரத்தில் வருவது. ஆடியில் திருமணமா என்று இன்றும் சிலர் வியப்பதுண்டு. கோவில் காலியாக இருந்தது, மண்டப வாடகை குறைவாக இருந்தது, பெரியவர்கள் அந்த நாளைக் குறித்தார்கள், அவ்வளவுதான் செய்தி. சென்ற ஆடியில் முப்பது ஆண்டு நிறைவெய்திற்று. மகளுக்குத் திருமணமாகிவிட்டது. மகன் கோவையில் குடும்பத்தோடு இருக்கிறான். வீட்டில் எஞ்சியிருப்பவர்கள் நாங்கள் இருவர், ஒரு சுவர்க் கடிகாரம், மழைக்கு ஒழுகும் ஓட்டுக் கூரை ஆகியவைதாம். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஆனால், "காய் என்ன வாங்கட்டும்?", "மாத்திரை போட்டாயிற்றா?" என்ற இரண்டு வினாக்களுக்கு அப்பால் பேச்சு அதிகம் செல்வதும் இல்லை. இப்படிப்பட்ட வீடுகள் பலவற்றிலிருந்து எங்களுக்குக் கடிதங்கள் வருகின்றன. அவர்களுக்கெல்லாம் நாங்கள் அறிவுரை எழுதிக்கொண்டிருந்தோம் என்பதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

மகன் தன் அன்பளிப்பாக ஒரு கூடாரத்தை அனுப்பிவைத்தான். மடித்தால் தலையணை அளவு. விரித்தால் இருவர் படுக்கலாம். "எங்கேயாவது போய் ஓர் இரவு தங்கிவிட்டு வாருங்கள்" என்று எழுதியிருந்தான். மணப்பாட்டுக்கு அருகில் எங்கள் உறவினர் ஒருவருக்குக் கடலை ஒட்டிப் பனந்தோப்பு ஒன்று உண்டு. அங்கே செல்வதென்று முடிவாயிற்று.

மணப்பாடு திருச்செந்தூருக்குத் தெற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கடற்கரையூர். கடலுக்குள் நீண்டு நிற்கும் மணல்மேடும், அதன் உச்சியில் திருச்சிலுவை ஆலயமும், 1542ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகக் கூறப்படும் குகையும் பலரும் அறிந்தவை. பலரும் அறியாதது அங்குள்ள ஆடிக் காற்று.

தென்மேற்குப் பருவமழை மேகங்கள் தம் நீரையெல்லாம் மலைக்கு மேற்கேயும் குற்றாலத்துச் சாரலிலும் கொட்டித் தீர்த்துவிடுகின்றன. வெறுங்கையோடு மிஞ்சுகிற காற்று, செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் நெருக்கிக்கொண்டு கீழே இறங்குகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் காடாக நிற்பதற்குக் காரணம் இதுவே. அதே காற்றுதான் சமவெளியைக் கடந்து, குதிரைமொழித் தேரியின் செம்மணலைக் கிளப்பிக்கொண்டு, கிழக்குக் கடலை நோக்கிப் பாய்கிறது. மழை இராது. இடி மின்னல் இராது. வானம் வெளுத்துக் கிடக்கும். கண்ணைத் திறக்க முடியாது. மழையில்லாத புயல் என்று அதைச் சொல்லலாம்.

நாங்கள் தோப்பை அடைந்தபோது பிற்பகல் மூன்று மணி. பனை ஓலைகள் ஓயாமல் சலசலத்துக்கொண்டிருந்தன. வள்ளங்கள் எல்லாம் கரையேற்றப்பட்டிருந்தன. கூடாரத்தை விரிக்க நாங்கள் பட்ட பாட்டைத் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த முதிய மீனவர் ஒருவர், வலை பின்னுவதை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது. எங்களுடன் கொடுக்கப்பட்டிருந்த இரும்பு முளைகளைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தார்.

"இது மண்ணுக்குள்ள முளை, பிள்ளைகளே. மணல்ல நிக்காது" என்றார்.

அறுபதை நெருங்கும் எங்களைப் பிள்ளைகள் என்று ஒருவர் அழைத்துப் பல நாளாயிற்று. அவர் சொற்படி எட்டுச் சிறு சாக்குகளில் மணலை நிரப்பினோம். ஒவ்வொன்றின் கழுத்திலும் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, சாக்கைக் குறுக்கே கிடத்தி மூடி மிதித்தோம். முளையைப் பிடுங்கிவிடுகிற காற்றால் புதைந்த சாக்கை அசைக்க முடியாது. மேலே கிடக்கும் மணலையும் சேர்த்தல்லவா தூக்கவேண்டும்! மேற்கே நான்கு கயிறுகள், கடல் பக்கம் நான்கு கயிறுகள். கூடாரத்தின் வாயிலைக் காற்றுக்கு முதுகு காட்டிக் கடல் பக்கம் வைத்தோம்.

புறப்படுமுன் அவர் இன்னொன்றும் சொன்னார்:

"இது கச்சான் காத்து. கரையிலேருந்து கடலுக்கு இழுக்கும். துணி பறந்தா பறக்கட்டும். அதுக்குப் பின்னால மட்டும் ஓடாதீங்க."

தலையசைத்தோம். பெரியவர்கள் சொல்லும்போது தலையசைப்பது எளிது.

மாலையில் காற்று தணிந்தது. நாங்களும் ஏமாந்தோம். கொண்டுபோயிருந்த எலுமிச்சைச் சோற்றையும் வறுத்த மீனையும் மணலில் அமர்ந்து உண்டோம். கடல் கருநீலமாக இருந்தது. எங்களில் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, "ஒன்றுமில்லை" என்றார். சற்று நேரத்தில் மற்றவரும் அப்படியே வாயெடுத்து, "நாளை பேசலாம்" என்றார். இருவர் மனத்திலும் ஏதோ இருக்கிறது என்பது இருவருக்கும் தெரிந்தது. கேட்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று படுத்துவிட்டோம்.

நள்ளிரவுக்கு முன் காற்று திரும்பி வந்தது. வந்தது என்று சொல்வதைவிட விழுந்தது என்றே சொல்லவேண்டும். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும்; மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். பள்ளியில் படித்த இக்கணக்கை அன்றிரவு முதுகால் உணர்ந்தோம். கூடாரத்தின் மேற்குச் சுவர் பறையடித்தது. துணிக்கும் தரைக்கும் இடையே மணல் புகுந்து போர்வையில் குவிந்தது.

இனி நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள்.

மேற்குப் பக்கத்துக் கயிறுகள் இறுகித் துணியைக் கிழித்துவிடும் என்று எங்களில் ஒருவர் அஞ்சினார். மற்றவர் பகலெல்லாம் அலைந்து களைத்து உறங்குகிறாரே, எழுப்புவானேன் என்று ஓசைப்படாமல் வெளியே ஊர்ந்து சென்று, மேற்குக் கயிறுகள் இரண்டை ஒரு சாண் தளர்த்தினார். தளர்த்திய உடனே கூடாரம் கடல் பக்கம் சாய்ந்தது. உள்ளே மற்றவர் விழித்துக்கொண்டார். பக்கத்தில் சுருண்டு கிடந்த போர்வையை ஆள் என்று எண்ணினார். பாவம், உறங்கட்டும் என்று அவரும் ஓசைப்படாமல் வெளியே ஊர்ந்து, கூடாரம் தளர்ந்துவிட்டது என்று நினைத்து, கடல் பக்கத்துக் கயிறுகளைத் தம் வலிமையெல்லாம் கூட்டி இறுக்கினார்.

மேற்கே ஒருவர் விட்டுக்கொடுக்க, கிழக்கே ஒருவர் இழுக்க, காற்றும் கிழக்கே தள்ள, நடுவிலிருந்த வளைகம்பு எத்தனை நேரம் தாங்கும்? ஒடிந்த ஓசை துப்பாக்கி வெடித்தாற் போலக் கேட்டது. கூடாரத்தின் மேல்விரிப்பு பிய்த்துக்கொண்டு எழுந்து, ஒரு முறை உருண்டு, கடலை நோக்கிப் பறந்தது.

"மகன் வாங்கித் தந்ததாயிற்றே!" என்று ஒரு குரல் கேட்டது. எங்களில் ஒருவர் அதன் பின்னால் ஓடினார்.

நிலவொளியில் விரிப்பு நீரின் மேல் பத்தடித் தொலைவில் மிதந்தது. கரைக்காற்று வீசும்போது கரையோர நீர் அடங்கினாற் போலத் தோன்றும். அதனால் அச்சமும் தோன்றாது. ஆனால் நீந்துகிறவன் கையை வீசுமுன் காற்று பொருளை இன்னும் பத்தடி தள்ளிவிடும். எட்டிப் பிடித்துவிடலாம் என்று ஒவ்வோர் அடியாக முன்வைத்தவர் இடுப்பளவு நீருக்குள் சென்றுவிட்டார். கரையில் நின்றவர் கூவிய கூச்சலைக் காற்று வாங்கிக்கொண்டு போய்விட்டது. கூவிப் பயனில்லை என்று கண்டு அவரும் நீரில் இறங்கிச் சட்டைக் காலரைப் பிடித்தார். சட்டை என்றா எழுதிவிட்டோம்? சேலைத் தலைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எதுவாயிருந்தாலும் பிடி நன்றாக இருந்தது.

ஒரு நொடி இருவரும் அப்படியே நின்றோம். காலடியில் மணல் நழுவிக்கொண்டிருந்தது. விரிப்பு கறுப்புப் புள்ளியாகிப் பின் மறைந்தது. அப்போதுதான் முதியவரின் சொல் இருவருக்கும் நினைவு வந்தது.

கரையேறி, எஞ்சியதைச் சுருட்டிக்கொண்டு, அருகிலிருந்த மீனவர் வலைக்கூடத்தை அடைந்தோம். எங்கள் கூச்சல் கேட்டோ, எங்களைப் பற்றிய கவலையாலோ, முதியவர் அங்கே விளக்கோடு நின்றார். "ஓடினீங்களா?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் பேசவில்லை. அவர் மேலும் கேட்கவில்லை. அவர் மனைவி உடன்குடிக் கருப்பட்டி போட்டுச் சுடச்சுடக் காபி கொண்டுவந்து கொடுத்து, ஈரத்துக்கு மாற்றாக இரண்டு பழைய துணிகளையும் தந்து சென்றார்.

வலைக் குவியலின் மேல் அமர்ந்து நடந்ததைக் கணக்குப் பார்த்தோம். "நான்தான் மேற்குக் கயிற்றைத் தளர்த்தினேன்" என்றார் ஒருவர். "நான்தான் இந்தப் பக்கத்தை இறுக்கினேன்" என்றார் மற்றவர். "ஏன் எழுப்பவில்லை?" "உறங்கட்டும் என்றுதான். நீங்கள் ஏன் எழுப்பவில்லை?" "நானும் அதற்காகத்தான்." முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நெடுநேரம் சிரிப்பு வரவில்லை. ஏனெனில், மாலையில் சொல்லாமல் விழுங்கிய செய்தி இருவர் தொண்டையிலும் இன்னும் இருந்தது.

எங்களில் ஒருவர் சொன்னார்: இரண்டு மாதங்களுக்கு முன் மகன் தொலைபேசியில் அழைத்து, "இந்த ஒழுகும் வீட்டை விற்றுவிட்டு இருவரும் எங்களோடு வந்துவிடுங்கள்" என்று வற்புறுத்தினான், மற்றவருடைய முழங்கால் வலியையும் தனிமையையும் எண்ணி, "சரி, ஏற்பாடு செய்" என்று சம்மதம் கொடுத்தாயிற்று, மகன் அங்கே ஓர் அறை கூடுதலாக உள்ள வீட்டுக்கு முன்பணமும் கட்டிவிட்டான்.

மற்றவர் வெகுநேரம் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் அவர் சொன்னார்: அதே இரண்டு மாதங்களுக்கு முன், இவருக்கு இந்த வீட்டின் மேல் எவ்வளவு பற்று என்று எண்ணி, இங்கேயே நிம்மதியாக இருக்கட்டும் என்று, கூரையை மாற்றக் கொத்தனாருக்கு முன்பணமாக ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்தாயிற்று, அது இருவர் பெயரிலும் இருந்த வைப்புத் தொகையின் வட்டியிலிருந்து எடுத்த பணம், திருமண நாளன்று சொல்லி மகிழ்விக்கலாம் என்று இருந்தார்.

ஒருவர் வீட்டை விற்கச் சம்மதித்திருக்கிறார். ஒருவர் அதே வீட்டுக்குக் கூரை போடுகிறார். இரண்டும் அன்பினால் செய்தவை.

அன்பர்களே, அன்றிரவு நாங்கள் சினம் கொள்ளவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். "என் வீட்டை விற்க நீங்கள் யார்?" என்ற சொல் வந்தது. "என்னைக் கேளாமல் பணத்தை எடுக்கலாமா?" என்ற சொல்லும் வந்தது. முப்பது ஆண்டுகளில் ஒருவர் மற்றவரிடம் இப்படிப் பேசியது நான்கைந்து முறைக்கு மேல் இராது. வெளியே காற்று கூரைத் தகரத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போகவும் இடமில்லை. வீட்டிலாயிருந்தால் ஒருவர் அடுக்களைக்கும் ஒருவர் திண்ணைக்கும் போயிருப்போம், மறுநாள் காலை, "காய் என்ன வாங்கட்டும்?" என்று பேச்சைத் தொடங்கியிருப்போம். வலைக்கூடத்தில் அடுக்களையும் இல்லை, திண்ணையும் இல்லை. ஆகவே பேசித் தீர்க்க வேண்டியதாயிற்று.

பேசப் பேச ஒன்று விளங்கிற்று. இந்த வீட்டின் மேல் பற்றுடையவர் என்று எண்ணப்பட்டவருக்கு உண்மையில் அவ்வளவு பற்று இல்லை. பேரக் குழந்தையை விட்டு இருப்பதுதான் அவருக்கு வருத்தம். தனிமையால் வாடுகிறார் என்று எண்ணப்பட்டவருக்குத் தனிமை ஒரு பொருட்டே அன்று. அவருக்குத் தம் ஊரும், கோவில் மணியோசையும், மாலையில் பேச வருகிற இரண்டு நண்பர்களும் இன்றியமையாதவை. ஒவ்வொருவரும் மற்றவருக்காக விட்டுக்கொடுத்தது, மற்றவர் கேளாத ஒன்றை. இருபது வயதில் அறிந்த மனத்தையே அறுபதிலும் அறிந்திருப்பதாக நம்பிவிட்டோம். மனம் மாறியிருக்கிறது, நாங்கள் கேட்கவில்லை.

நம் இல்லங்களில் வஞ்சகத்தால் மறைப்பது குறைவு. "அவர் மனம் நோகுமே", "அவளுக்கு எதற்குக் கவலை" என்று நல்லெண்ணத்தால் மறைப்பதே மிகுதி. அதை நாம் குற்றமாகவே கருதுவதில்லை. பல வேளைகளில் அதற்குத் தியாகம் என்று பெயரும் சூட்டிவிடுகிறோம். ஆனால் கூடாரத்தின் கயிற்றை எந்த எண்ணத்தோடு தளர்த்தினாலும் கம்பு ஒடியத்தான் செய்யும். எதிரெதிரே இழுக்கும் கயிறுகள் இருப்பதால் கூடாரத்துக்குக் கேடில்லை. அவை அப்படி இழுப்பதால்தான் அது நிற்கிறது. ஒரு பக்கத்துக் கையில் நடப்பது மறுபக்கத்துக் கைக்குத் தெரியாமற் போவதே கேடு.

விடியற்காலையில் காற்று சற்று அடங்கியபோது, மணல்மேட்டின் மறைவில் நின்று, மகனுக்கு இருவருமாகச் சேர்ந்து தொலைபேசியில் பேசினோம். அவன் முதலில் வருந்தினான். கொத்தனாரும் சற்று முணுமுணுத்தார். முடிவு இதுதான்: கூரை மாற்றுவதென்பது நடக்கட்டும், வீட்டை விற்பதில்லை, ஆண்டில் நான்கு மாதங்கள் கோவையில் பேரனோடு இருப்பது, அடுத்த ஆடியில் மீண்டும் அமர்ந்து பேசுவது. மகன் கட்டிய முன்பணத்தில் ஒரு பகுதி திரும்பவில்லை. அந்த இழப்பை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். இது சிறந்த முடிவு என்று சொல்லமாட்டோம். எங்கள் இருவருக்கும் தெரிந்து எடுத்த முடிவு.

கடற்கரையில் தங்க விரும்பும் தம்பதியருக்குச் சில சொற்கள். எங்களைப் போல ஆடியில் செல்லாதீர்கள். தை, மாசி நல்லது. புறப்படுமுன் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். 2017 நவம்பர் இறுதியில் குமரிக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் ஒரே நாளில் ஒக்கிப் புயலாக வலுத்துக் கடலில் இருந்த மீனவர் பலரைக் கொண்டுபோனதை நம் கரையோர மக்கள் மறக்கவில்லை. காற்றே இல்லாத நாளையும் நம்பிவிட வேண்டா. தொலைதூரத் தென்கடலில் எழும் பேரலைகள் சில நாட்களில் நம் கரையை அடைந்து திடீரென ஏறும்; அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். 2024 மே 6 அன்று குமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவம் பயின்ற இளைஞர் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தது அத்தகைய கடல் சீற்ற எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இவ்வெச்சரிக்கைகளை வெளியிடுகிறது. கரையில் காய்ந்த பாசியும் சிப்பியும் கிடக்கும் கோட்டுக்கு நன்றாக மேலே தங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவ்வூர் மீனவரிடம் ஒரு சொல் கேளுங்கள். கேட்டபின் அதன்படி நடங்கள்.

எஞ்சிய கூடாரத்தை மகன் தூக்கியெறியச் சொன்னான். எறியவில்லை. அதன் கயிறுகளில் ஒன்று இப்போது எங்கள் கொல்லையில் துணி உலர்த்தும் கொடியாக இருக்கிறது. வங்கிக்குச் செல்வதானாலும், மகளுக்கு ஏதேனும் வாக்குக் கொடுப்பதானாலும், எங்களில் ஒருவர், "கயிற்றைத் தொடப்போகிறேன்" என்கிறார். மற்றவர் கையிலுள்ள வேலையை வைத்துவிட்டு வந்து அமர்கிறார். சில நாள் பேச்சு நீண்டு சோறு ஆறிவிடுகிறது. ஆறினால் சுட வைத்துக்கொள்கிறோம்.